ஒரு கோப்பைக்கு இரண்டு தாள்

வீட்டில் அவளை எல்லோரும் மூக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு பெரிது என்பதால் அல்ல. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் அடிப்பிடிக்கப் போகிறது என்பதை இந்த வீட்டு மாடியிலிருந்தே சொல்லிவிடுவாள் என்பதால். அந்த மூக்கை நம்பித்தான் அவளும் அவள் தங்கையும் சேர்ந்து காபிக் கடை போட்டார்கள்.

கடை குறுகலானது. முன்பக்கம் தெருவைப் பார்த்துச் சில நாற்காலிகள், ஒரு மேடை. நடுவில் அரைச்சுவர். அதற்குப் பின்னால் இன்னொரு மேடை. முன்மேடையில் தங்கை, பின்மேடையில் மூக்கி. இரண்டு மேடையிலும் ஆளுக்கொரு கிரைண்டர், கண்ணாடிக் கூம்பு, வளைந்த மூக்குள்ள கெட்டில். பாலும் சர்க்கரையும் கிடையாது. கூம்பில் தாளைப் போட்டு, அப்போதே அரைத்த தூளைக் கொட்டி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஊற்றி இறக்கிய காபி மட்டும். ஆரம்பத்தில், "இது என்னம்மா, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று எழுந்து போனவர்கள் உண்டு. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அதற்குக் காரணம் மூக்கிதான். எந்தக் கொட்டைக்கு எவ்வளவு கரகரப்பாக அரைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தூளின் வாசனையிலேயே பிடிபட்டுவிடும்.

அந்த வித்தையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தூள் பெரிதாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், புளிப்பு மட்டும் கோப்பையில் வந்து சேரும். தூள் மாவாக இருந்தால் தண்ணீர் சேற்றில் சிக்கியதுபோல் நின்றுவிடும், கசப்பும் வறட்சியும் கலந்து தொண்டையைப் பிடிக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கொட்டை புதிதா பழையதா, வறுவல் இளசா முற்றியதா என்பதைப் பொறுத்து அந்த இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். கிரைண்டரின் பல்சக்கரத்தைத் தினமும் காலையில் திருப்பித் திருப்பி அதைப் பிடிக்க வேண்டும். மூக்கி பிடித்துவிடுவாள். தங்கை பார்த்துத் தன் கிரைண்டரையும் அதற்கு ஏற்றமாதிரி வைத்துக்கொள்வாள்.

ஒரு மழைக்காலத்தில் மூக்கிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று. போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. எலுமிச்சையைக் கடித்தாலும் சரி, சோப்பைக் கடித்தாலும் சரி, அவளுக்கு ஒன்றுதான். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அன்று படுக்கையறையில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. காபி போடறவளுக்கு மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தன் வரமாட்டான்."

"நான் எதுக்குச் சொல்றேன்? பைத்தியமா உனக்கு?" என்றாள் தங்கை. "வாசனை வர்ற வரைக்கும் நான் உன் நாக்கா இருக்கேன். நீ அரை, நீ ஊத்து. நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன். போதுமா?"

போதும் என்றுதான் மூக்கி நினைத்தாள். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் விரல்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். அரைத்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுவாள். கல்லுப்பு மாதிரி உறுத்துகிறதா, சீனி மாதிரி உருளுகிறதா, மாவு மாதிரி விரல் ரேகையில் அப்பிக்கொள்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தண்ணீர் இறங்கிய பிறகு கூம்பில் மிஞ்சும் தூள் எப்படிப் படிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். பிறகு அந்தக் கோப்பையைத் தங்கையிடம் நீட்டுவாள்.

"எப்படி இருக்கு?"

தங்கை ஒரு வாய் குடிப்பாள். முதல் சில நாட்கள் முகத்தைச் சுளித்தாள். "கொஞ்சம் கசக்குதுக்கா", "இன்னிக்குச் சப்புன்னு இருக்கு" என்றெல்லாம் சொன்னாள். சொன்னபோதெல்லாம் மூக்கியின் முகம் வாடியது. ஒருநாள் கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் பின்கதவருகே போய் நின்று மூக்கைச் சிந்தினாள். அதற்கு அடுத்த நாளிலிருந்து தங்கை, "சூப்பர்கா. இதேதான்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மூக்கிக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்லப்பட்ட தூளை மறுபடியும் மறுபடியும் உருட்டிப் பார்த்தாள். இதுதான் சரி, இதுதான் சரி என்று விரலுக்குள் ஏற்றிக்கொண்டாள். வாடிக்கையாளர்களும் குறையவில்லை. பின்மேடையில் அவள் ஊற்றி வைப்பாள், தங்கை வந்து தட்டில் எடுத்துப் போவாள். அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் பேச்சும் சிரிப்பும் கேட்கும். அந்தச் சத்தமே அவளுக்குச் சோறு.

ஒன்றே ஒன்று மட்டும் கணக்கில் உதைத்தது. ஃபில்டர் தாள் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோயிற்று. தாள் கொண்டுவந்து போடுகிறவரிடம், கட்டுக்குக் கட்டு குறைவாக வைக்கிறார் என்று மூக்கி ஒருநாள் சண்டையே போட்டுவிட்டாள்.

அவர் சிரித்தார். "ஏம்மா, சீல் வெச்ச கட்டு. நான் என்ன உள்ள பூந்து திருடவா முடியும்? நீங்க ஒரு கப்புக்கு ரெண்டு பேப்பர் போட்டா நான் என்ன பண்றது?"

தங்கை குறுக்கே வந்து, "விடுக்கா, ஈரத்துல சிலது கிழிஞ்சுபோகுது, நான்தான் தூக்கிப் போடறேன்" என்றாள். மூக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது.

வெளியே நல்ல வெயில். கடையில் ஈ ஆடவில்லை. ஒரே ஒரு ஆள்தான் வந்தார். எதிர்ச் சாரியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். அவர் குரலைக் கேட்டதும் மூக்கிக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதிதாக வந்திருந்த கொட்டையை எடுத்தாள். அரைத்தாள், உருட்டிப் பார்த்தாள், நிதானமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். தங்கை வந்து கோப்பையை எடுத்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் முன்மேடையில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

இன்னொரு ஆள் வந்திருக்கிறார் போல என்று மூக்கி நினைத்தாள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, புதிதாக வந்தவரைப் பார்க்கலாம் என்று அரைச்சுவரைத் தாண்டி வந்தாள்.

யாரும் வரவில்லை. பல் டாக்டர் மட்டும் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேஜை காலி. முன்மேடையில் தங்கை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொட்டியில் மூக்கி ஊற்றிக் கொடுத்த வெள்ளைக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி ஆவி பறக்கும் பழுப்பு நீர் வளையம் போட்டு ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

 மூக்கிக்கு முதலில் புரியவே இல்லை. கோப்பை கைதவறி விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். "கொட்டிடுச்சா?" என்று கேட்கக்கூட வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். இரண்டு பேரையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

"அது வந்து... தங்கச்சி உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"இல்ல, உங்க உடம்பு விஷயம். எங்களுக்கெல்லாம் தெரியும்மா. நீங்க சங்கடப்பட வேண்டாம். நாங்க யாரும் வெளில சொல்றதில்ல."

எங்களுக்கெல்லாம். மூக்கி அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். தங்கை கெட்டிலைக் கீழே வைத்தாள், திரும்பவில்லை. டாக்டர் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, காபி குடிக்காமலேயே போய்விட்டார்.

மூக்கி மேடைக்கு அடியிலிருந்த குப்பைத் தொட்டியை இழுத்தாள். அவள் ஊற்றினால் தூள் தாளில் சமமாக, பாய் விரித்த மாதிரி படியும். தங்கை நடுவிலேயே ஊற்றுவாள், அதனால் குழி விழுந்திருக்கும். தொட்டி நிறையக் குழி விழுந்த தாள்கள். காலையிலிருந்து தங்கையிடம் நேரே கேட்டு வாங்கிக் குடித்தவர்கள் ஒருசிலர்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தாளைப் பிரித்து ஈரத் தூளை விரலில் உருட்டினாள். அவள் அரைத்ததைவிடப் பெரிய தூள். ரொம்பவே பெரிய தூள்.

"எத்தனை நாளா?"

"அக்கா, உக்காரு. சொல்றேன்."

"எத்தனை நாளாடி?"

"தொடக்கத்துல இருந்தே."

"எல்லாத்தையுமா?"

தங்கை கெட்டிலின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு சொன்னாள்: "உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான்கா. உன் காபி வாயில வெக்க முடியல. சொன்னா நீ ஒடஞ்சு போயிடற. கடையையும் பாக்கணும், உன்னையும் பாக்கணும். நான் என்ன பண்ணுவேன்?"

"காலையில குடிச்சுட்டு சூப்பர்னு சொன்னியே. அது?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிச்சியா இல்லையா?"

"உதட்டுல வெச்சுட்டு எடுத்துடுவேன்."

 மூக்கி ஏப்ரனை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். மாடியில்தான் வீடு. அம்மா ஜன்னலருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூக்கி நடந்ததைச் சொல்லச் சொல்ல அம்மாவின் கை மட்டும் நிற்கவே இல்லை. ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"அவ உன் நல்லதுக்குத்தானடி..."

அதற்குமேல் மூக்கி காதில் எதுவும் விழவில்லை.

அன்று முழுவதும் படுத்தே கிடந்தாள். பழைய காட்சிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தினமும் வரும் கண்ணாடிக்கடைக்காரர், "இன்னிக்கு யார் கை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாரே, அது கிண்டல் இல்லை, அவள் ஊற்றியது வந்துவிடக்கூடாதே என்ற ஜாக்கிரதை. டியூஷன் டீச்சர் போகும்போது அவள் தோளைத் தட்டி, "நீங்க ரொம்பத் தைரியசாலி" என்றாளே, அது காபிக்காக இல்லை. அரைச்சுவருக்கு அந்தப்பக்கம் அத்தனை பேரும் அவளைச் சுற்றி நின்று நாடகம் ஆடியிருக்கிறார்கள். அவள் ஒருத்திதான் அது கடை என்று நம்பிக்கொண்டிருந்தாள். கொட்டப்பட்ட காபிகூடப் பரவாயில்லை என்று இருந்தது. விரல்களை நினைத்தால்தான் தாங்கவில்லை. இத்தனை மாதம் அவற்றுக்கு அவள் எதைக் கற்றுக்கொடுத்தாள்?

கொட்டை வறுத்துக் கொடுக்கும் பெண்மணி ஒருத்தி ஊரின் மறுகோடியில் இருந்தாள். ஒரு பழைய கிடங்கில் இரண்டு வறுக்கும் எந்திரங்கள் வைத்திருந்தாள். வாய்த் துடுக்கு அதிகம் என்று பெயர் எடுத்தவள். வாங்க வந்தவர்களையே திட்டுவாள். மறுநாள் காலையில் மூக்கி அவள் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு வாசனையும் ருசியும் போயிடுச்சு. உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணிச் சொன்னியா?" என்றாள் வறுவல்காரி.

மூக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. அங்கிருந்த கிரைண்டரில் தன் விரல் சொன்னபடி அரைத்து, ஊற்றி, நீட்டினாள். வறுவல்காரி ஒரு வாய் குடித்தாள். அப்படியே பக்கத்திலிருந்த வாளியில் துப்பினாள்.

"தூ! என்ன இது, விளக்கெண்ணெய் மாதிரி. மாவா அரைச்சு வெச்சிருக்க. தண்ணி பாவம், உள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டுது."

"இன்னொண்ணு போடட்டுமா?"

"போடு. நான் இருக்கேன். எனக்கென்ன, துப்பறது சுலபம்."

போட்டாள். "இன்னும் கசப்பு." சக்கரத்தைத் திருப்பினாள். "இப்போ பரவாயில்ல, ஆனா நாக்கு காயுது." திருப்பினாள். "ஐயையோ, ரொம்பத் தள்ளிட்ட. புளி ஊறவெச்ச தண்ணி." கொஞ்சம் பின்வாங்கினாள். வறுவல்காரி குடித்தாள். துப்பவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். "ம்" என்று சொல்லிவிட்டு வறுக்கும் எந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூக்கி அந்தத் தூளை எடுத்து உருட்டினாள். அவள் இத்தனை நாள் சரி என்று மனப்பாடம் செய்திருந்த தூளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது மணல் மாதிரி, ஒவ்வொரு பொடியும் தனித்தனியாக விரலுக்குத் தெரிந்தது. அவள் விரலில் கோளாறு இல்லை. விரல் நல்ல மாணவிதான். சொல்லிக்கொடுத்த வாய்தான் பொய் சொல்லியிருந்தது.

அவள் கிடங்கு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நேற்று அழாத அழுகை அப்போதுதான் வந்தது.

தினமும் அங்கே போனாள். வறுவல்காரி ஒருநாளும் பாராட்டவில்லை, ஒருநாளும் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வாளிக்கு வேலை குறைந்தது. பிறகு அநேகமாக இல்லாமலே போயிற்று.

அதற்குப் பிறகுதான் மூக்கி தங்கையோடு பேசினாள். காலை நேரம், கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. தன் கையால் ஒரு கோப்பை ஊற்றி முன்மேடையில் வைத்தாள்.

"குடி. உதட்டுல வெச்சுட்டு எடுக்காத. குடி."

தங்கை குடித்தாள். கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி குடித்தாள். "நல்லா இருக்குக்கா" என்றாள். குரல் உடைந்தது. "நெஜமாவே நல்லா இருக்கு. எப்படிக்கா?"

"ஒருத்தி கசக்குதுன்னா கசக்குதுன்னு சொன்னா. அவ்வளவுதான். சில வாரம் ஆச்சு." மூக்கி நாற்காலி ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள். "என் காபி வாயில வெக்க முடியாமப் போனதுக்குக் காரணம் என் மூக்கு இல்லடி. நீ. கசந்ததையெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லி, கசப்பையே நான் படிச்சேன். அப்புறம் கசக்குதுன்னு நீயே கொட்டின. என் தலையிலயே மிளகாய் அரைச்சு எனக்கே ஊட்டிவிட்டிருக்க."

"நீ அழுததப் பாக்க முடியலக்கா."

"அது மொத நாள். அதுக்கப்புறம்?"

தங்கை கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். தெருவில் யாரோ ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

"அதுக்கப்புறம் எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள் கடைசியில். "எப்பவும் எல்லாரும் உன்னைத்தான் கேப்பாங்க. அக்கா இருக்காங்களான்னுதான் கேட்டுட்டே உள்ள வருவாங்க. அப்புறம் என்னைக் கேக்க ஆரம்பிச்சாங்க. பல் டாக்டர் சொன்னாரு, நீ உங்க அக்காவையே மிஞ்சிட்டன்னு. அன்னிக்கு நான் உன்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம். சொன்னா நீ சரியாயிடுவன்னு தெரியும். அதான் சொல்லல."

மூக்கி இதைத்தான் கேட்க வந்திருந்தாள். வார்த்தை வார்த்தையாக இதைத்தான் இத்தனை நாளும் மனதுக்குள் ஊகித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அது தங்கை வாயிலிருந்து வந்தபோது கன்னத்தில் அறைந்தமாதிரிதான் இருந்தது. காப்பாற்றினேன் என்ற பொய்யையே கடைசிவரை சொல்லியிருந்தால்கூட ஒருவிதத்தில் தாங்கியிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மீதே கோபம் வந்தது.

"ஒண்ணா இருப்போம்கா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"எல்லார்கிட்டயும் சொன்னவதானே நீ" என்றாள் மூக்கி. "உன் கூட நின்னு என்னால இனிமே காபி போட முடியாது. நீ நல்லா இருக்குன்னு சொன்னா, நெஜமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? குடிச்சுப் பாக்கற நாக்கு எனக்கு இல்லையே."

கடையைத் தங்கைக்கே விட்டுவிட்டாள். சண்டை போட்டுப் பிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. அம்மா இரண்டு பக்கமும் நின்று பார்த்தாள், சமாதானம் பேசிப் பார்த்தாள், கடைசியில் மூக்கி பெட்டியைக் கட்டும்போது துணிகளை மடித்துக் கொடுத்தாள். மூக்கி வறுவல்காரியின் கிடங்குக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். வறுவல்காரி அவளுக்குக் கிடங்கின் முன்பகுதியில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தாள். கொட்டை வாங்க வருகிறவர்களுக்கு அங்கே ஊற்றிக் கொடுக்க வேண்டும். எந்தக் கொட்டையை எப்படி அரைப்பது என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்த மேஜையில் அவள் முதல் நாளே வருகிறவர்களிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு வாசனை, ருசி ரெண்டும் தெரியாது. நீங்க குடிச்சுட்டு உள்ளதச் சொல்லணும். மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்குத்தான் நஷ்டம்." சிலர் திகைத்தார்கள். பலருக்கு அது பிடித்துப்போயிற்று. ஊரில் இத்தனை பேருக்குக் காபியைப் பற்றி இத்தனை அபிப்பிராயம் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பல மாதங்கள் கழித்துத் தங்கை வந்தாள். கொட்டை வாங்க வந்ததாகச் சொன்னாள். இளைத்திருந்தாள். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். மாடியில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். மூக்கி அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். தங்கை அதை முழுசாக, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்பாள் என்று காத்திருந்தாள்.

மூக்கி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதற்கு வரப்போகும் பதிலை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கை கொட்டைப் பையை எடுத்துக்கொண்டு, "வரேன்கா" என்றாள். "பாத்துப் போ. ரோட்டுல லாரி வரும்" என்றாள் மூக்கி.

மேஜையின் அந்தக் கோடியில் லாரி டிரைவர் ஒருவர் கோப்பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை.

"எப்படி இருக்கு?" என்று மூக்கி அவரிடம் கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. லேசாப் புளிக்குது."

"தப்பா நினைக்க என்ன இருக்கு? இருங்க" என்று சொல்லி, சக்கரத்தை ஒரு பல் இறுக்கிவிட்டு, அவருக்காக மறுபடி அரைத்தாள்.